ஆங்கிலக் கிரகித்தல் பயிற்சிக்குப் பத்திரிகைச் செய்திகளை எப்படிப் பயன்படுத்துவது? (தரம் 10, திருகோணமலை)

கேள்வி: பாலையூற்று அம்மா

வணக்கம். என் மகள் தரம் 10இல் படிக்கிறாள். அடுத்த ஆண்டு க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற இருக்கிறாள். தவணைப் பரீட்சையில் ஆங்கில இலக்கணத்தையும் கடிதத்தையும் ஓரளவு நன்றாகவே செய்துவிடுகிறாள். பந்தியை வாசித்து விடை எழுதும் கிரகித்தல் பகுதிக்கு வந்ததும் புள்ளிகள் கைநழுவிப் போகின்றன. ஆசிரியையிடம் விசாரித்தபோது, வாசிப்பு போதாது என்றும் வீட்டில் ஆங்கிலப் பத்திரிகை வாசிக்கப் பழக்குமாறும் சொன்னார். எப்படிப் பழக்குவது என்று அதற்குமேல் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மணிக்கூட்டுக் கோபுரத்தடிக் கடையில் ஆங்கிலப் பத்திரிகை ஒன்று வாங்கி வருகிறேன். அவள் முதற்பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டி, சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழ்க் கருத்தை எழுதுகிறாள். முக்கால் மணி நேரத்தில் இரண்டு பந்திகள் முடிகின்றன. மூன்றாவது பந்திக்கு வரும்போது முதற்பந்தியில் என்ன இருந்தது என்று கேட்டால் விழிக்கிறாள்.

சென்ற வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிய செய்தி ஒன்று கிடைத்தது. நம் ஊர் விடயம் என்பதால் அதையே எடுத்து, நானே நான்கு கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி.யும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட தாங்கிகள் எத்தனை என்பது ஒரு கேள்வி. அவள், அங்குள்ள மொத்தத் தாங்கிகளின் எண்ணிக்கையான 99ஐ எழுதினாள். செய்தியின் கடைசிப் பந்தியில், 2022 ஜனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி 61 தாங்கிகள் கூட்டு நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐ.ஓ.சி.க்கும் என்று தெளிவாக இருந்தது. ஏன் பார்க்கவில்லை என்று கேட்டதற்கு, "தொண்ணூற்றொன்பது என்று எல்லாருக்கும் தெரியும்தானே அம்மா" என்றாள்.

எந்த வகைச் செய்தியைத் தெரிவு செய்வது, எவ்வளவு நேரம் கொடுப்பது, தமிழில் முதலில் வாசிக்க விடலாமா, அகராதியை எப்போது அனுமதிப்பது என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் கூறினால் பெரிய உதவியாக இருக்கும். எனக்கு ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், கற்பிக்கத் தெரியாது.

மறுமொழி 1: உப்புவெளி ஓய்வுபெற்ற ஆசிரியர்

வணக்கம் தங்கச்சி. உங்கள் மகள் எழுதிய அந்த 99ஐ நான் முப்பது வருடமாக வெவ்வேறு உருவங்களில் திருத்தியிருக்கிறேன். அது ஆங்கிலம் தெரியாததால் வந்த பிழையே அல்ல. பழக்கமான விடயம் கையில் கிடைத்தவுடன் பிள்ளை பந்தியை மூடிவிட்டுத் தன் தலைக்குள் இருப்பதை வாசிக்கத் தொடங்குகிறது. ஊர்ச் செய்தியை எடுத்தது சரியான தெரிவு, ஏனென்றால் ஊரின் பெயர்களும் இடங்களும் தெரிந்திருப்பதால் பாதிப் பயம் போய்விடும். ஆனால் அதே தெரிவுதான் குழியையும் வெட்டுகிறது. ஆகவே ஒரு விதியை மட்டும் வீட்டில் கண்டிப்பாக வையுங்கள். விடையை எழுதுவதற்கு முன்னர், அந்த விடை எந்த வரியில் இருக்கிறது என்று அவள் விரலை வைத்துக் காட்ட வேண்டும். விரல் வைக்க இடமில்லை என்றால், விடை உலக உண்மையாக இருந்தாலும் புள்ளி இல்லை. நீங்கள் அந்தத் தாங்கிச் செய்தியில் கேட்ட கேள்வி மிக நல்ல கேள்வி. தெரிந்த எண்ணுக்கும் கேட்ட எண்ணுக்கும் இடையில் பிள்ளையை நிறுத்தியது. அத்தகைய கேள்வி ஒன்றாவது ஒவ்வொரு செய்தியிலும் இருக்கட்டும்.

எந்தச் செய்தி என்று கேட்டீர்கள். முதற்பக்கத்து அரசியலை விட்டுவிடுங்கள். அமைச்சர் ஒருவர் சொன்னதை மற்றொருவர் மறுத்ததாக இன்னொருவர் தெரிவித்தார் என்று போகும் வாக்கியங்களில் பெரியவர்களே தடுமாறுவோம். ஆசிரியர் தலையங்கமும் இப்போது வேண்டாம். கிரிக்கெட் பிடித்த பிள்ளை என்றாலும் கிரிக்கெட் செய்தி வேண்டாம். அதன் சொற்கள் மைதானத்துக்கு வெளியே பயன்படா. நான் முதலில் கொடுப்பது வானிலை அறிக்கை. கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது.

வளிமண்டலவியல் திணைக்களம் அறிக்கையை மூன்று மொழிகளிலும் வெளியிடுகிறது, வாக்கியங்கள் நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை. "திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு ஊடாகப் பொத்துவில் வரையான கடற்பிராந்தியங்களில்" என்ற தொடரை நம் பிள்ளைகள் வானொலியில் கேட்டே வளர்ந்தவர்கள். அதே தொடரை ஆங்கிலத்தில் பார்க்கும்போது, 'வயா' என்ற சிறு சொல் "ஊடாக" என்பதைத்தான் குறிக்கிறது என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுகொள்வார்கள். அதைவிட முக்கியமானது, அந்த அறிக்கையில் எதுவும் முழு உறுதியாகச் சொல்லப்படுவதில்லை. சில இடங்களில், சிலவேளைகளில், பெய்யக்கூடும், அதிகரிக்கலாம் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு கடிவாளம் இருக்கும். 'மே', 'கேன்', 'அட் டைம்ஸ்' ஆகிய அந்தச் சிறு சொற்களைக் கண் தாண்டிப் போவதால்தான் பிள்ளைகள் சரியா பிழையா என்று கேட்கும் கேள்விகளில் விழுகிறார்கள். காற்றின் வேகம் சிலவேளைகளில் மணிக்கு 50 கிலோமீற்றர் வரை அதிகரிக்கலாம் என்று அறிக்கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "நாள் முழுவதும் காற்று 50 கிலோமீற்றர் வேகத்தில் வீசும்" என்று எழுதிக் கொடுத்து, சரியா பிழையா என்று கேளுங்கள். முதல் தடவை சரி என்றே எழுதுவாள். இரண்டாம் தடவை எழுத மாட்டாள்.

இதற்கு அடுத்த படியாக நீளமான வாக்கியங்கள் வருகின்றன. நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே உண்டு. "திங்கட்கிழமை நிலாவெளியிலிருந்து புறப்பட்ட மீனவர்கள் சென்ற படகு கண்டுபிடிக்கப்பட்டது" என்று தமிழில் சொல்லும்போது, அடைமொழிகள் எல்லாம் முன்னால் வந்துவிட, படகும் வினைச்சொல்லும் அருகருகே நிற்கின்றன. ஆங்கிலத்தில் படகு முதலில் வந்து நிற்கும்; அதன் பின்னால் மீனவர்கள், நிலாவெளி, திங்கட்கிழமை என்று ஒரு வரிசை போகும்; எல்லாம் போன பிறகுதான் வினைச்சொல் வரும். நம் பிள்ளை வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பிடித்துக்கொள்கிறது, ஏனென்றால் தமிழ் அப்படித்தான் அதைப் பழக்கியிருக்கிறது. ஆகவே 'விச்', 'ஹூ', 'தட்' என்று எழுவாய்க்குப் பின்னால் வரும் இடத்தில் பென்சிலால் ஓர் அடைப்புக்குறி திறந்து, முதன்மை வினைக்குச் சற்று முன்னால் மூடச் சொல்லுங்கள். அடைப்புக்குள் இருப்பதை விட்டுவிட்டு வாசித்தால் "படகு கண்டுபிடிக்கப்பட்டது" என்று எலும்பு மட்டும் மிஞ்சும். பிறகு அடைப்புக்குள் போகலாம். என் வகுப்பில் பத்திரிகைத் துண்டுகள் முழுவதும் அடைப்புக்குறிகளாகவே இருக்கும்.

தலைப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்திரிகைத் தலைப்பின் இலக்கணம் தனி. நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் போடுவார்கள். நாளை நடக்கப்போவதை வினைக்கு முன்னால் ஒரு 'டு' வைத்து முடித்துவிடுவார்கள். 'இஸ்', 'த' போன்றவற்றை இடம் மிச்சம் பிடிப்பதற்காக விழுங்கிவிடுவார்கள். பிள்ளை அதைப் பார்த்துத் தன் கட்டுரையில் அப்படியே எழுதினால் புள்ளி குறையும். ஆகவே தலைப்பை மறைத்துவிட்டுச் செய்தியைக் கொடுங்கள். வாசித்த பின்னர் அவளே ஒரு தலைப்பை முழு வாக்கியமாக எழுதட்டும், அதன் பின்னர் பத்திரிகைத் தலைப்பைத் திறந்து பாருங்கள்.

மறுமொழி 2: கிண்ணியா பயிற்றுநர்

வணக்கம் அக்கா. சேர் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுடன் எனக்கு உடன்பாடு இருந்தாலும், ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. பத்திரிகை வாசித்தால் பரீட்சையில் புள்ளி வரும் என்று நேரடியாக நம்ப வேண்டாம். சாதாரண தர ஆங்கிலத்தில் முதலாம் வினாத்தாளுக்கு ஒரு மணி நேரமும் இரண்டாம் வினாத்தாளுக்கு இரண்டு மணி நேரமும் தருகிறார்கள். இரண்டிலும் சேர்த்துப் பதினாறு வினாக்கள். அங்கே வரும் பந்திகள் பெரும்பாலும் செய்திகள் அல்ல. ஒரு மனிதரின் வாழ்க்கைக் குறிப்பு, ஒரு விலங்கைப் பற்றிய விவரணம், ஒரு சிறு கதை, ஒரு விளம்பரம் அல்லது அறிவித்தல் என்றுதான் வரும். செய்தியில் முடிவு முதற்பந்தியிலேயே இருக்கும், காரணமும் பின்னணியும் கீழே போகும். கதையில் அது தலைகீழ். செய்தியை மட்டும் வாசித்துப் பழகிய பிள்ளை, கதையின் முதற்பந்தியிலேயே முடிவைத் தேடும். என்னிடம் வந்த ஒரு மாணவன் அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தான்.

ஆகவே வாரத்தில் மூன்று நாட்கள் செய்தி, இரண்டு நாட்கள் பாடநூலில் உள்ள பந்திகள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல் இலவசமாகக் கையில் இருக்கும்போது அதை மூடி வைத்துவிட்டு வெளியே தேடுவது எனக்கு விளங்குவதில்லை. பரீட்சைக்கு நான்கைந்து மாதம் இருக்கும்போது பத்திரிகையை நிறுத்திவிட்டு, கடந்தகால வினாத்தாள்களை மணிக்கூட்டை வைத்துச் செய்விப்பதே நல்லது.

அகராதி விடயத்தில் நான் கொஞ்சம் கடுமையானவன். முதல் வாசிப்பில் அகராதி மேசையிலேயே இருக்கக் கூடாது. பரீட்சை மண்டபத்தில் அகராதி இல்லை. மாறாக, "இந்தக் கருத்தைத் தரும் சொல்லைப் பந்தியிலிருந்து எடுத்து எழுதுக" என்று கேட்கிறார்கள். அதாவது, தெரியாத சொல்லின் கருத்தை அதன் அயலில் உள்ள சொற்களிலிருந்து ஊகிக்கத் தெரிந்தவருக்கே புள்ளி. இரண்டு வாசிப்பு முடிந்து, விடைகளும் எழுதிய பிறகு, ஐந்தே ஐந்து சொற்களுக்கு அகராதி பார்க்க விடுங்கள். எந்த ஐந்து என்று அவளே தெரிவு செய்ய வேண்டும். அந்தத் தெரிவிலேயே பாதி வாசிப்பு இருக்கிறது.

பத்திரிகையில் பொருத்தமான செய்தி கிடைக்காத வாரங்களில் நானே எட்டு வரியில் ஒன்று எழுதிவிடுவேன். கிண்ணியாப் பாலத்தைப் பற்றி எழுதிய ஒன்றை மாதிரிக்குச் சொல்கிறேன். பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது, நீளம் 396 மீற்றர், அதற்கு முன்னர் மக்கள் வாகனங்களோடு பாதையில் ஏறிக் கடந்தார்கள் என்பவை அதில் உள்ள தகவல்கள். (வெளியூர் வாசகர்களுக்கு: நாங்கள் பாதை என்பது தெருவை அல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவையை.) தகவல் கேள்விகளுக்கு எல்லாரும் சரியாக எழுதினார்கள். ஐந்தாம் வரியில் வரும் 'இட்' எதைக் குறிக்கிறது என்ற கேள்விக்குப் பாதிப் பேர் பாலம் என்று எழுதினார்கள். அந்த வரி மிதவையைப் பற்றியது. பந்தியின் தலைப்பு பாலம் என்பதால் எல்லா 'இட்'டும் பாலம்தான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். 'இட்', 'தே', 'திஸ்' என்பவை வரும் ஒவ்வொரு இடத்திலிருந்தும் அது குறிக்கும் பெயருக்கு ஓர் அம்புக்குறி போடவைத்தேன். இரண்டு வாரத்தில் அந்தப் பிழை குறைந்தது.

விடை எழுதும் முறையையும் கவனியுங்கள். ஏன் என்று கேட்டால் காரணத்தை மட்டும், எத்தனை என்று கேட்டால் எண்ணையும் அது எதன் எண் என்பதையும் எழுத வேண்டும். விடை எங்கேயோ அதற்குள் இருக்கும் என்ற நம்பிக்கையில் நான்கு வரியை அப்படியே பார்த்து எழுதி வைப்பது, திருத்துபவரிடமே விடையைத் தேடச் சொல்வது போன்றது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஊர்ச் செய்தி என்பதற்காக எல்லாவற்றையும் மேசைக்குக் கொண்டுவராதீர்கள். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் இறந்தார்கள். ஆங்கிலப் பத்திரிகைகளில் அதைப் பற்றி எளிமையான, குறுகிய செய்திகள் வந்தன; பயிற்சிக்கு அளவெடுத்ததுபோல் இருந்தன. எங்கள் வகுப்பில் நான் அவற்றை எடுக்கவில்லை. "இறந்தவர்கள் எத்தனை பேர்" என்பதை இரண்டு புள்ளிக் கேள்வியாக அங்கே எப்படிக் கேட்பது?

மறுமொழி 3: மூதூர் வாசகி

அக்கா, தமிழில் முதலில் வாசிக்கலாமா என்ற கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. என் மகனுடன் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் தமிழ்ப் பத்திரிகையில் அதே செய்தியை வாசிக்கக் கொடுத்துவிட்டு ஆங்கிலத்தைக் கொடுத்தேன். மிக விரைவாக முடித்தான், எல்லா விடையும் சரி. ஒரு மாதம் சந்தோசமாக இருந்தேன். பிறகு ஒரு நாள் தமிழ்ச் செய்தியில் 12 என்றும் ஆங்கிலச் செய்தியில் 15 என்றும் இருந்தது; அவன் ஆங்கிலக் கேள்விக்கு 12 என்று எழுதினான். உங்கள் மகளின் 99 கதைதான். ஒரு மாதமாக அவன் ஆங்கிலத்தை வாசிக்கவே இல்லை, தமிழை நினைவில் வைத்திருந்தான்.

அதன் பிறகு வரிசையை மாற்றினோம். முதலில் ஆங்கிலம், விடைகள், பிறகு தமிழ். தினகரனும் டெய்லி நியூஸும் ஒரே நிறுவனத்திலிருந்து வருவதால் அரச அறிவித்தல்கள், திறப்பு விழாக்கள் போன்றவை பெரும்பாலும் இரண்டிலும் இருக்கும். ஆனால் ஒன்று மற்றதன் மொழிபெயர்ப்பு அல்ல. எது ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது, எது தமிழில் மட்டும் இருக்கிறது என்று இரண்டு நிற மையால் கோடு போடச் சொல்கிறேன். அவனுக்கு அது ஒரு விளையாட்டு ஆகிவிட்டது. சென்ற கிழமை தமிழ்ப் பத்திரிகையின் பிழை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லி அயலவருக்கெல்லாம் காட்டினான்.

பத்திரிகை வாங்கும் செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம். கைபேசியில் வாசிப்பது கண்ணுக்குக் கேடு என்றால், நூலகத்தில் பழைய பத்திரிகைகள் இருக்கும். ஒரு பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்தால் ஒரு வாரத்துக்குப் போதும்.

மறுமொழி 4: உப்புவெளி ஓய்வுபெற்ற ஆசிரியர்

கிண்ணியாத் தம்பி கதையையும் செய்தியையும் பிரித்துச் சொன்னது நியாயம்; நான் அதைச் சொல்லத் தவறிவிட்டேன். ஆனால் பத்திரிகையை நான்கைந்து மாதத்துக்கு முன்பே முழுவதும் நிறுத்துவது எனக்குச் சரியாகப்படவில்லை. கடந்தகால வினாத்தாள்களை மட்டும் மாதக்கணக்கில் செய்யும் பிள்ளைக்கு அந்தப் பந்திகள் மனனமாகிவிடும். இரண்டாம் முறை செய்யும்போது வரும் புள்ளி வாசிப்புக்குரியது அல்ல, நினைவுக்குரியது. வாரத்தில் ஒரு நாளாவது புதிய பந்தி ஒன்று கண்ணில் பட வேண்டும். அது செய்தியாக இருந்தால் என்ன, புறாமலைத் தீவைப் பற்றிய சுற்றுலாக் கட்டுரையாக இருந்தால் என்ன. வார இறுதிப் பத்திரிகைகளில் வரும் அத்தகைய கட்டுரைகள் உண்மையில் பரீட்சைப் பந்திக்கு மிக நெருங்கியவை.

நேரத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இருநூறு முதல் முந்நூறு சொல் வரையான ஒரு துண்டுக்கு, வாசிப்பும் விடையும் சேர்த்து இருபத்தைந்து நிமிடம். அதற்குமேல் இழுத்தால் பிள்ளை வாசிக்காது, உட்கார்ந்திருக்கும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: பாலையூற்று அம்மா

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

வானிலை அறிக்கையில் சேர் சொன்னது போலவே முதல் நாள் காற்றுக் கேள்விக்குச் சரி என்று எழுதினாள். நான்காம் நாள் அறிக்கையை வாசித்துவிட்டு, "அம்மா, இந்த அறிக்கையில் ஒன்றையுமே உறுதியாகச் சொல்லவில்லையே" என்று சலித்துக்கொண்டாள். அகராதியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். முதல் வாரம் அதற்காக ஒரு சண்டை நடந்தது. அடைப்புக்குறி போடுவது நன்றாகப் பிடித்துவிட்டது. அம்புக்குறி இன்னும் சரிவரவில்லை, 'திஸ்' என்பது ஒரு பெயரை விட்டு முழு வாக்கியத்தையும் குறிக்கும் இடங்களில் தடுமாறுகிறாள். அதற்கு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

நேற்று புறாமலையைப் பற்றிய கட்டுரை ஒன்றை எடுத்தோம். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரம், 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது, பவளப் பாறைகள், கரும்துடுப்புச் சுறாக்கள் என்று நன்றாக இருந்தது. ஐந்து கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தீவுக்கு அப்பெயர் ஏன் வந்தது என்பது மூன்றாவது கேள்வி. மற்ற நான்கையும் முடித்துவிட்டு, அதை மட்டும் எழுதாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டு இருந்தாள். சின்ன வயதில் அங்கே கூட்டிப்போய் மலைப்புறாக்களைக் காட்டியிருக்கிறேன், இது கூடவா மறந்துவிட்டது என்று எனக்குக் கோபம். அவள் பத்திரிகையை என் பக்கம் திருப்பி வைத்து, "விரலை வையுங்கள் அம்மா" என்றாள்.

மேலிருந்து கீழாக இரண்டு தடவை வாசித்தேன். அந்தக் கட்டுரையில் புறாக்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.